மூன்று தையலுக்கு ஒரு முடிச்சு

அரிசி ஆலையில் மூட்டைகளின் வாய் தைப்பது என் வேலை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. போன வருடம் சனிக்கிழமைகளில் பெண்கள் கூடுகிற மண்டபத்துக்கு நான் போனதே, தங்கச்சியின் தையல் மெசினைச் சைக்கிளில் கட்டிக்கொண்டுபோய் இறக்கத்தான்.

அங்கே ஒரு பெரிய விரிப்பு உருவாகிக்கொண்டிருந்தது. யுத்தத்தில் ஆளை இழந்த ஒவ்வொரு குடும்பமும், போனவர் உடுத்த துணியில் ஒரு முழச் சதுரம் வெட்டித் தைத்துக் கொடுக்க வேண்டும். கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாகப் பொருத்துவார்கள். ஒரு தாய் மகனின் நீலக் காற்சட்டைப் பையை வைத்துத் தைத்திருந்தாள். பையின் வாயை மூடவில்லை. மேசையைக் கடக்கும்போதெல்லாம் அதற்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்துவிட்டுப் போவாள். மெசினை இறக்கிய பிறகும் நான் திரும்பிப் போகாமல் வாசல் நிலையோடு நின்றதற்கு அந்த இரண்டு விரல்தான் காரணம்.

"அண்ணையை உள்ளுக்குக் கூப்பிடுங்கோவன். வாசலுக்குத் தூண் தேவையில்லை," என்றாள் ஒருத்தி.

"அவருக்கு எங்கட ஊசி கையில நிக்காது. சாக்கு ஊசி குடுத்தாத்தான் தைப்பார்," என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் நிலத்தைப் பார்த்துச் சிரித்தேன்.

வேலையை நடத்திய பிள்ளை என்னிடம் வந்து யாருக்காகத் தைக்கப்போகிறேன் என்று கேட்டாள். என் மனைவிக்கு என்றேன். துணி இருக்கிறதா என்றாள். இல்லை என்றேன். துணி இல்லாதவர்களுக்கென்று வைத்திருந்த வெள்ளைச் சதுரம் ஒன்றைத் தந்து, அதில் பெயரை நூலால் எழுதலாம் என்றாள். நல்ல மனதோடுதான் தந்தாள். வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். மூன்று சனிக்கிழமை அது பையிலேயே கிடந்தது.

என் மனைவி பொட்டோடு போனவள். கல்யாணக் கூறைச்சேலை உடுத்தி அனுப்பியிருக்க வேண்டியவள். அவளுக்கு வெள்ளையை எப்படி வைப்பது? அதைச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

அந்தக் கூறை எங்கே போனது என்று எனக்குத் தெரியும். யுத்தத்தின் கடைசி மாதங்களில் நாங்கள் கடற்கரை மணலில் இருந்தோம். அங்கே குண்டுக்குப் பதுங்கப் பங்கர் வெட்டினால் பக்கம் சரிந்து விழும். மணல் மூட்டை அடுக்க வேண்டும், சாக்கு கிடையாது. பெண்கள் சேலைகளை எடுத்தார்கள். ஒரு சேலையில் ஏழெட்டு மூட்டை வரும். ஆலை ஊசி என்னிடம் இருந்ததால் எங்கள் தறப்பாள் கூடாரத்துக்கு முன்னால் சேலையும் கையுமாக நின்றார்கள். ஆலையில் தைப்பதுபோலவே மூன்று தையலுக்கு ஒரு முடிச்சுப் போட்டேன். ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் முழு வாயும் திறக்காது. எங்கள் கூறையை வெட்டாமல் நான் தள்ளித் தள்ளி வைத்தபோது அவள்தான் கத்தரிக்கோலை வாங்கினாள்.

"ஒருநாள் கட்டினதுக்கு இவ்வளவு யோசனையோ? இனியாவது உதவட்டும்," என்றாள்.

அதில் இரண்டு மூட்டையைக் குழந்தைகளோடு இருந்த பக்கத்துப் பங்கருக்குக் கொடுத்தாள். பிறகு ஒருநாள் காலை தண்ணீருக்குப் போனவள் ஷெல் விழுந்து திரும்பவில்லை. நான் ஓடிப்போய் அவளை எடுத்து, உடுத்திருந்த பழஞ்சேலையோடு அங்கேயே புதைத்தேன். மற்றதெல்லாம் மணலோடு நின்றுவிட்டது.

நாலாவது சனிக்கிழமை, சந்தியில் கடை வைத்திருக்கும் அக்கா ஒரு பொதியோடு வந்தார். அதுவரை ஒன்றும் தைக்காமல் தேநீர் மட்டும் ஊற்றிக் கொடுத்தவர். பொதிக்குள் பச்சைச் சேலைத் துண்டு, மஞ்சள் கரை. ஒரு பக்கம் பழைய தையல் இருந்தது. பார்த்தவுடனே மூட்டைத் துணி என்று தெரிந்தது.

"இது என்ர சீலையில்லை. எங்கட பங்கருக்கு ஆரோ தந்த மூட்டை. வாய் பிரிஞ்சு மண் கொட்டுண்ட இடத்தாலதான் ஷெல் துண்டு பிள்ளைக்குப் பட்டது. இதாலதான் அவனைச் சுத்தித் தூக்கினனான். தந்த மனுசி ஆரெண்டு தெரியாது. பிறத்தியாற்றை சீலையை இவ்வளவு காலமாக் கள்ளி மாதிரி வைச்சிருக்கிறன். வெட்டலாமோ எண்டு தெரியேல்லை," என்றார்.

நான் என்னை அறியாமல் மேசைக்குப் போய்விட்டேன். தையலை விரலால் தடவினேன். முடிச்சு ஒன்றும் இல்லை. என் கை அல்ல. என் மனைவியிடம் பச்சைச் சேலையும் இருந்ததில்லை. தையலின் மடிப்பை விரித்தபோது மணல் விழுந்தது. ஒரு சிட்டிகைதான் இருக்கும். வெள்ளை வெளேரென்ற கடல் மணல். வன்னி வயல் மண்ணுக்குள் வாழ்கிற எங்களுக்கு அது எந்த இடத்து மணல் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. மண்டபத்தில் மெசின்கள் ஒவ்வொன்றாக நின்றன. யாரோ எழும்பிப்போய் மின்விசிறியை நிறுத்தினார்கள், மணல் பறந்துவிடும் என்று.

"வெட்டுங்கோ அக்கா," என்றேன். "தந்தவ திருப்பிக் கேக்க மாட்டா. என்ர மனுசியும் கூறையில தைச்ச மூட்டையைப் பக்கத்துப் பங்கருக்குக் குடுத்தவ."

"அவவுக்கு என்ன துணி வைச்சனீங்கள் தம்பி?"

பையிலிருந்த வெள்ளைத் துண்டை எடுத்துக் காட்டினேன். அவர் அதை என் கையிலிருந்து வாங்கினார்.

"பொட்டோட போனவளுக்கு இந்த வெள்ளையோ?"

"இவர் எனக்குக்கூடச் சொல்லேல்லை. வாய்க்குள்ளயும் முடிச்சுத்தான்," என்றாள் தங்கச்சி. சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்தாள்.

அக்கா கத்தரிக்கோலை எடுத்தார். பச்சைத் துணியைச் சரி நடுவில் வெட்டி, கரையுள்ள பாதியை என் முன்னால் வைத்தார். "என்ர பிள்ளையை ஆற்றையோ சீலை மூடினது. உங்கட மனுசியின்ரயும் ஆரையோ மூடியிருக்கும்," என்றார்.

அந்தப் பாதியை என் பக்கம் இழுத்தேன். ஊசி கேட்டேன். சின்ன ஊசிதான் தந்தார்கள், கையில் நின்றது. அந்த மணலை அக்கா ஒரு காகிதத்தால் கூட்டி எடுத்து, பாதியை என் துணியின் மடிப்புக்குள்ளும் பாதியைத் தன்னுடையதற்குள்ளும் போட்டார். நான் மடிப்பின் வாயை மூடி, கரையோடு கரையாக, மூன்று தையலுக்கு ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டு போனேன். "அண்ணை தைச்சா ஒரு நெல்மணிகூடக் கொட்டாது," என்று பின்னால் யாரோ மெதுவாகச் சொன்னார்கள். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

என்னுடையது முடியும்வரை அக்கா பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன்னுடைய பாதியை என் பக்கம் தள்ளினார்.

"எனக்கும் அந்த முடிச்சைப் போட்டு விடுங்கோ தம்பி. இந்தமுறை பிரியக்கூடாது."

அவருடையதற்கு இரண்டு தையலுக்கு ஒரு முடிச்சுப் போட்டேன்.