ஞானத்தாய் கட்டத்தில் ஒரு கோடு

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. ஒரகடத்தில் என்னோடு மூன்று வருடம் ஒரே அறையில் இருந்த, என் ஊர்ப்பக்கத்துத் தோழிக்குப் பெண் குழந்தை பிறந்தது.

2. அவர்கள் கத்தோலிக்கர்கள். குழந்தையின் ஞானஸ்நானத்தில் நான் ஞானத்தாயாக நிற்க வேண்டும் என்றாள். யோசிக்காமல் சரி என்றேன்.

3. கோயில் அலுவலகத்தில் கொடுத்த படிவத்தில் எனக்கு ஏழு கட்டங்கள் இருந்தன. ஆறை நிரப்பினேன். 'உறுதிபூசுதல் பெற்ற ஆலயம்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன். ஞானஸ்நானம் பெற்றவர் வளர்ந்தபின் ஆயர் கையால் பெறும் சடங்கு அது.

4. இரண்டு நாள் கழித்துப் பங்குத்தந்தை போன் செய்து, நேரில் வரச் சொன்னார்.

நான் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். பரிசோதனை அறிக்கையில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் எங்களிடம் அதற்கு ஒரே பொருள்தான்: அளக்கவில்லை. அந்தப் பாகங்கள் இருக்கும் பெட்டியில் மஞ்சள் சீட்டு ஒட்டி ஒதுக்கி வைத்துவிடுவோம். இது தெரிந்தே காலியாக விட்டேன். படிவத்தில் எதை எழுதினாலும் பாதிப் பொய்யாகிவிடும் என்று பட்டது.

எனக்கு ஒன்பது வயதாகும்வரை எங்கள் குடும்பமும் கத்தோலிக்கக் குடும்பம்தான். திருநெல்வேலிப் பக்கம் சிறிய ஊர். கோயில் திருவிழாவில் சப்பரம் எந்தத் தெருவுக்குள் முதலில் நுழைவது என்று ஒரு வருடம் தகராறு வந்தது. பங்குச்சாமியார் சப்பரமே கிடையாது என்று சொல்லிக் கோயிலைப் பூட்டிவிட்டார். மூன்று மாதம் பூட்டிக் கிடந்தது. அதற்குள் எங்கள் தெருக்காரர்கள் பக்கத்து ஊரிலிருந்து ஒரு புராட்டஸ்டன்ட் போதகரை அழைத்துவந்து ஓலைப்பந்தலில் ஆராதனை தொடங்கிவிட்டார்கள். அந்தப் பந்தல் இப்போது கோபுரத்தோடு நிற்கிறது. இரண்டு கோயிலுக்கும் நடுவே ஒரு மளிகைக் கடையும் நான்கு வீடுகளும்தான். பழைய கோயில்காரர்கள் எங்களைப் 'பிரிவினைக்காரங்க' என்பார்கள். அங்கே சிலைகள் இருப்பதால் நாங்கள் அவர்களைச் 'சுரூபக்காரங்க' என்போம். அப்பா பந்தலுக்குப் போனார். அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்த அவருடைய அக்கா பழைய கோயிலிலேயே இருந்துவிட்டார்.

அந்தச் சமயத்தில் நான் புதுநன்மை வகுப்பில் இருந்தேன். பூசையில் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் நாளுக்காகத் தைக்கக் கொடுத்த வெள்ளைச் சட்டை பொத்தான் வைக்காமலே தையற்காரரிடம் கிடந்தது. பதினாலு வயதில் புதிய சபையில் மூன்று மாதம் படித்தேன். பேராயர் வந்து தலையில் கைவைத்து எங்களைத் திடப்படுத்தினார். உறுதிபூசுதலுக்கு எங்கள் சபையில் அதுதான் ஈடு. அன்று 'ஆம்' என்று சொன்னதை நான் அர்த்தம் தெரிந்துதான் சொன்னேன். இந்தப் படிவத்தில் 'பெறவில்லை' என்று எழுதினால் அந்த நாள் இல்லை என்றாகிவிடும். அந்தச் சபையின் பெயரை எழுதினால் படிவம் கேட்கும் விடை அதுவல்ல.

படிவத்தோடு என் ஞானஸ்நானச் சான்றிதழையும் கேட்டிருந்தார்கள். அதை வாங்க அப்பா பழைய கோயிலுக்குப் போகமாட்டார். அத்தையிடம்தான் கேட்டேன். அவர் மறுநாளே வாங்கிப் படம் எடுத்து அனுப்பினார். ஞானத்தாய் என்ற இடத்தில் அத்தையின் பெயர் இருந்தது. குறிப்பு என்ற கடைசிக் கட்டத்தில் ஒன்றும் இல்லை. நாங்கள் போனதை யாரும் அங்கே எழுதி வைக்கவில்லை.

"நீங்க போயி பதினாறு வருசமாச்சு. ஒம் பேரும் எம் பேரும் இன்னும் பக்கத்துல பக்கத்துலதான் கெடக்கு, பாத்துக்க," என்றார் அத்தை போனில். பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிட்டார்.

ஆகவே காகிதத்தின்படி நான் இன்னும் கத்தோலிக்கப் பெண். மீதி இருந்தது ஒரு கட்டம் மட்டும்.

பங்குத்தந்தையைப் பார்க்கப் போவதற்கு முன்னால் தோழியின் வீட்டுக்குப் போனேன். வல்லக்கோட்டை போகிற சாலையில் வாடகை வீடு. அவள் என்னையே கேட்டதற்குக் காரணம் இருந்தது. வலி வந்த அன்று அவள் கணவர் காலை ஷிஃப்டில் இருந்தார். போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் லைனுக்குப் போக வேண்டும். நான்தான் அரை நாள் லீவு சொல்லி, ஷேர் ஆட்டோவைத் தனியாகப் பேசி, ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டேன். குழந்தையை முதலில் வாங்கியதும் நான்தான்.

படிவ விஷயத்தைச் சொன்னதும் அவள் சிரித்தாள்.

"ஏட்டி, ஊர்க் கோயில் பேர எழுதிட்டுப் போக வேண்டியதுதான? நம்ம ஊருக்குப் போன் போட்டா கேக்கப் போறாவ?"

"கேட்டா?"

"கேட்டா டீவியேஷன்ல பாஸ் பண்ணச் சொல்லுவோம்."

டீவியேஷன் என்பது எங்கள் தொழிற்சாலைப் பேச்சு. வரைபடத்தின்படி இல்லாத ஒரு பாகம், ஆனால் வேலைக்கு ஆகும் என்றால், பெரியவர்கள் கையெழுத்துப் போட்டு அனுமதிப்பார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அதற்கும் பாகத்தின் உண்மையான அளவை முதலில் எழுத வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். அவள் முகம் மாறியது.

வீட்டுக்கார அம்மா வாசலில் கீரை ஆய்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "ரெண்டு பேருக்கும் ஏசு சாமிதானம்மா? அப்புறம் இன்னா தகராறு?" என்றார். நாங்கள் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். "எங்க வூட்லயும் ஒரே முருகருதான். ஆனா எங்க வூட்டுக்காரரு பங்காளிங்க ஒரு நாள் காவடி எடுத்தா இவரு மறுநாள்தான் எடுப்பாரு. இன்னா கேட்டாலும் வாயத் தொறக்க மாட்டாரு."

ஞாயிற்றுக்கிழமை மாலைப் பூசை முடிந்து பங்குத்தந்தையைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். நான்கு கிராமங்களையும் இந்தக் கோயிலையும் பைக்கில் சுற்றிவருகிறவர். படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"மத்ததெல்லாம் அச்சடிச்ச மாதிரி எழுதியிருக்கீங்க. இது மட்டும் மறந்துபோச்சா?"

"மறக்கல ஃபாதர்," என்று சொல்லி, சப்பரத்தில் தொடங்கி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நீங்களா போனீங்களா, கூட்டிட்டுப் போனாங்களா?"

"ஒம்பது வயசுல கூட்டிட்டுப் போனாங்க. பதினாலு வயசுல நானாத்தான் நின்னேன்."

அவர் இரண்டு வழிகளைச் சொன்னார். ஒன்று, வகுப்புக்கு வந்து, ஈஸ்டரில் நற்கருணையும் உறுதிபூசுதலும் பெறுவது. அதற்குப் பிறகு ஞானத்தாயாக நிற்கலாம். குழந்தையின் ஞானஸ்நானம் அதுவரை காத்திருக்கும். இரண்டு, குழந்தையின் பெரியப்பா ஞானத்தந்தையாக நிற்பது. திருச்சபைச் சட்டப்படி ஒருவர் போதும். என்னைச் சாட்சியாகச் சேர்க்க முடியுமா என்பதை ஆயர் இல்லத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். எழுந்து வரும்போது ஒன்று சேர்த்துக்கொண்டார்.

"திரும்பி வர்றதா இருந்தா உங்களுக்காக வாங்க. பிள்ளைக்காகன்னா நான் யோசிப்பேன்."

தோழி காத்திருக்கத் தயாராக இருந்தாள். அவள் மாமியார் தயாராக இல்லை. ஈஸ்டர்வரை பிள்ளையை இப்படியே வைத்திருப்பதா என்று தினமும் போனில் கேட்டார்.

ஹாஸ்டலில் நோட்டைத் திறந்து நடுவில் கோடு போட்டேன். போவதற்குக் காரணம், இருப்பதற்குக் காரணம். இருப்பதன் பக்கம் ஐந்து வரிகள் வந்தன: வாலாஜாபாத் பக்கத்தில் வாடகைக் கூடத்தில் கூடும் என் சபை, அங்கே நான் வேதபாடம் சொல்லித்தரும் பிள்ளைகள், பேராயரின் கை, அப்பா, என் வாயால் சொன்ன 'ஆம்'. போவதன் பக்கம் ஒரே வரி. குழந்தை. அதோடு வேறு எதையாவது சேர்த்துவிட வேண்டும் என்று கொஞ்ச நேரம் முயன்றேன். முடியவில்லை.

சாட்சியாக மட்டும் நிற்பது என்று முடிவெடுத்து, அப்பாவிடம் சொன்னேன். சாட்சியாக நிற்பதில் அவருக்குத் தடையில்லை. ஆனால் அத்தை எனக்கு எதுவும் சொல்லிக்கொடுத்தாரா என்று இரண்டு முறை கேட்டார். சாப்பிட்டேனா என்று கேட்டார் என்றேன்.

தோழியிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. "ஒரு கட்டத்துக்காக என் பிள்ளைய வேண்டாங்குத," என்றாள். இல்லை, அந்தக் கட்டத்துக்காக வரக் கூடாது என்றுதான் சொல்கிறேன் என்றேன். நான்கு நாட்கள் பேச்சில்லை. கேன்டீனில் என் லைன் ஆட்கள் சாப்பிடும்போது, அவள் செய்தி வந்ததா என்று போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் செய்தி வந்தது: பிள்ளைக்கு வெள்ளை உடுப்பு எடுக்கணும், வாறியா. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் எடுத்தோம். பொத்தான் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எங்கே போனாலும் இன்ஸ்பெக்சனா என்று அவள் கேலி செய்தாள். காரணத்தை நான் சொல்லவில்லை.

நான் சாட்சியாக நிற்க ஆயர் இல்லத்தில் அனுமதி கிடைத்தது. ஞானஸ்நானம் அன்று பெரியப்பா ஊரிலிருந்து இரவுப் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார். கல்யாணமாகாதவர். கழுத்து நிற்காத குழந்தையை இதற்கு முன்னால் தூக்கியதில்லை. ஞானஸ்நானத் தொட்டி அருகே குழந்தையின் தலை அவர் முழங்கையிலிருந்து சரிய ஆரம்பித்தது. தோழி என்னைப் பார்த்தாள். நான் பங்குத்தந்தையைப் பார்த்தேன்.

"பிடிக்கத் தெரிஞ்சவங்க பிடிங்க," என்றார் அவர்.

வாங்கிக்கொண்டேன். தலையைத் தாங்கிப் பிடித்தேன். தண்ணீர் ஊற்றியபோது குழந்தை அழவில்லை. மெழுகுவர்த்தியைப் பெரியப்பா பிடித்தார். விசுவாசத்தைப் பற்றிய கேள்விகளுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அவருக்கு ஒவ்வொன்றும் சற்றுத் தாமதமாக வந்தது. பதினாலு வயதில் நான் சொன்ன அதே பதில்கள் அவை. நான் வாயைத் திறக்காமல் நின்றேன்.

பதிவேட்டில் பங்குத்தந்தை எழுதுவதை அருகில் நின்று பார்த்தேன். ஞானத்தந்தை: பெரியப்பாவின் பெயர். ஞானத்தாய்: ஒரு கோடு. குறிப்பு: என் பெயர், அதன் கீழே 'சாட்சி', அவருடைய கையெழுத்து. காலியான கட்டம் எதுவும் இல்லை. படம் எடுத்து அத்தைக்கு அனுப்பினேன். அவர் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, பங்குத்தந்தையின் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று பதில் போட்டார். அப்பாவுக்குக் குழந்தையின் படத்தை மட்டும் அனுப்பினேன்.

இப்போது நிலைமை இது. குழந்தைக்கு எட்டு மாதம். நான் என் சபையில்தான் இருக்கிறேன். ஞாயிறு காலையில் ஓ.டி. வந்தால் எங்கள் ஆராதனைக்குப் போக முடியாது. அன்று மாலை தோழியோடு பூசைக்குப் போகிறேன். நற்கருணை வரிசைக்கு ஆட்கள் எழுந்து போகும்போது, வழிவிட முழங்காலை ஒதுக்கிக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறேன். ஒரே அறையில் இருந்த நாட்களிலிருந்தே அப்படித்தான். தோழியும் அவள் கணவரும் முன்னால் போய் வாங்கிவிட்டுத் திரும்பும்வரை குழந்தை என் மடியில் இருக்கிறாள்.