அப்பா மெதுவாகப் பேசிய பண்டிகை

அப்பா செமினரியில் பேராசிரியர். சபைப் போதகர்களாக, அதாவது ஐயர்மாராக, ஆகப்போகிறவர்களுக்குப் பிரசங்கம் செய்யவும், ஆராதனை நடத்தவும், கோயில் பாட்டுகளை முறையாகப் பாடவும் கற்றுக்கொடுத்தார். விடுமுறைக்குத் தூத்துக்குடி வந்தால் எங்கள் சபையில் அவர்தான் பிரசங்கிக்க வேண்டும் என்பார்கள். அவர் குரல் கீர்த்தனை போல ஏறி இறங்கும். ஆட்கள் அதைக் கைபேசியில் பதிவுசெய்து துபாயில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்புவார்கள். பிரசங்கி ஒரே முகத்தைப் பார்த்துப் பேசக்கூடாது, கடைசி பெஞ்சு வரைக்கும் கண் போய் வரவேண்டும் என்று மாணவர்களிடம் கண்டிப்பாகச் சொல்வார்.

எனக்கு ஏழு வயதில் அம்மா காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். என்னைச் சாத்தான்குளத்தில் சித்தி வீட்டில் விட்டிருந்தார்கள். அம்மா பிழைத்து வந்தாள். ஆனால் இரண்டு காதும் கேட்காமல் போய்விட்டது. வெளியே சொல்ல வேண்டாம் என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டாளாம். பாடகர் குழுவில் ஆல்ட்டோ பாடும் பெண்களை நடத்தியவள் அவள்.

எனக்கும் யாரும் சொல்லவில்லை. எங்கள் கோயிலைக் கட்டித் திறந்த நாளைக் கொண்டாடும் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு முந்தின நாள், சித்தி ஊரிலிருந்து திரும்பிய நான் வீட்டுக்குள் ஓடிவந்து கூப்பிட்டபோது, அடுப்படியில் நின்ற அம்மா திரும்பவே இல்லை. என்மேல் ஏதோ கோபம் என்று நினைத்தேன். அப்பாவோ மீசையை மழித்துவிட்டு வேறு யாரோ போல இருந்தார்.

மறுநாள் காலையில் அம்மா கோயிலுக்குக் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நான் வந்து என்ன செய்ய? நீங்க பிள்ளையக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னாள்.

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார்.

"நீ வரலைன்னா நான் பிரசங்கம் பண்ண மாட்டேன்."

அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து சேலை மாற்றப் போனாள்.

பாடகர் குழுவில் நிற்கிறவள் அன்று என்னோடு பெண்கள் பக்கம் முதல் பெஞ்சில் இருந்தாள். எல்லாரும் பாடினார்கள். அவள் பாட்டுப் புத்தகத்தைத் திறக்கவில்லை. அதன் அட்டைமேல் இரண்டு கைகளையும் வைத்திருந்தாள்.

அப்பா பிரசங்க பீடத்தில் ஏறியதும், கோயில் வேலை பார்க்கும் அண்ணாச்சியிடம் தலைக்கு மேலிருந்த விளக்கைப் போடச் சொன்னார். பட்டப்பகலில் எதற்கு விளக்கு என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். இரவெல்லாம் வலை போட்டு ஒன்றும் கிடைக்காமல் கரைக்கு வந்தவர்களைப் பற்றிய வேதபகுதி. கடலை நம்பிப் பிழைக்கும் ஊரில் அதை வைத்து அப்பா எப்பேர்ப்பட்ட பிரசங்கம் செய்வார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவரோ கையை அசைக்கவில்லை, தலையைத் திருப்பவில்லை. ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக, வாயை நன்றாகத் திறந்து, எங்கள் பெஞ்சைப் பார்த்தே சொன்னார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கைபேசிகள் ஒவ்வொன்றாகச் சட்டைப்பைக்குள் போயின. எனக்கு முகம் சுட்டது. அம்மா மட்டும் அவர் வாயையே இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆராதனை முடிந்து சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசனப் பந்தியில், துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் பக்கத்து வீட்டு மாமா என் இலைக்குக் கறி வைத்துக்கொண்டே கேட்டார்: "ஏளா, ஒங்கப்பாவுக்கு என்னாச்சு? ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்குப் பாடம் நடத்துத மாதிரில்லா பேசுதாரு!" பந்தியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவுக்கும் அது கேட்டிருக்கும். அவர் தலை நிமிராமல் சாப்பிட்டார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் அப்பா அம்மாவுக்கு எதிரே போய் நின்றார். பரீட்சை எழுதிவிட்டு மார்க்குக்குக் காத்திருக்கும் மாணவனைப் போல நின்றார்.

"புரிஞ்சுதா?"

"முக்காவாசி புரிஞ்சுது" என்றாள் அம்மா. "ரெண்டு எடத்துல வேகமாப் போயிட்டீங்க."

அப்பா சிரித்தார். எத்தனையோ பேர் கையைப் பிடித்துப் பாராட்டியபோதுகூட அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். ஊரே இழுவை என்று சொன்ன பிரசங்கத்தை அம்மா வேகம் என்கிறாள், அதற்குப் போய் இவர் சந்தோஷப்படுகிறாரே என்று எனக்கு ஒரே எரிச்சலாக இருந்தது.