மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்

எங்கள் ஊருக்குக் கோடையில் வானிலை அறிக்கையே தேவையில்லை. சித்திரை பிறந்தால் வெயில், அப்புறமும் வெயில், அதற்கப்புறம் இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி வெயில். பகலெல்லாம் காய்ந்த மலை சாயங்காலம் அந்தச் சூட்டை எங்கள் தலையில் கொட்டும். அப்படிப்பட்ட அடி அண்ணாமலையில், ஏழு மணிச் செய்தியின் கடைசியில் வரும் வானிலைக்காக ஒரு குடும்பமே டிவி முன்னால் காத்துக் கிடந்தது என்றால் அது எங்கள் குடும்பம்தான். காரணம் நான். நான்தான் காரணம் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

நாலாம் வகுப்பு முடிந்த லீவு அது. நான் கடலைப் பார்த்ததில்லை. அதுகூடப் பரவாயில்லை, பார்த்திருக்கிறேன் என்று வகுப்பில் அளந்துவிட்டிருந்தேன். எவ்வளவு பெரிசு இருக்கும் என்று ஒருத்தி மடக்கியபோது, “நம்ம ஏரி மாதிரி ரெண்டு இருக்கும்” என்றேன். மொத்த வகுப்பும் விழுந்து விழுந்து சிரித்தது. ஐந்தாம் வகுப்பு தொடங்குவதற்குள் கடலைப் பார்த்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்தில் தலைகாட்ட முடியாது என்ற நிலைமை.

அப்பாவுக்குக் கிரிவலப் பாதையில் சுக்குக் காபிக் கடை. சித்ரா பௌர்ணமிக் கூட்டம் ஓய்ந்த அடுத்த வாரம், வருடத்தில் அந்த ஒரு வாரம் மட்டும்தான் கடையைச் சாத்துவார். அதில் ஒரு நாள் கடலுக்குக் கூட்டிப்போவதாக ஒப்புக்கொண்டார். ஆனால், டிவியில் மழை கிழை என்று ஒரு வார்த்தை வந்தாலும் பயணம் ரத்து. அப்பாவுக்குத் தண்ணீர் என்றாலே உதறல். கோயில் குளத்தில்கூட மூன்றாவது படியைத் தாண்டமாட்டார்.

என் கட்சியில் உறுதியாக நின்றது அத்தை, அப்பாவின் தங்கை. வேங்கிக்காலில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். பாண்டிச்சேரிக்குப் போகலாம் என்றார் அப்பா. “அங்க கல்லுதாண்ணா கொட்டி வச்சிருக்கும், மணலு கம்மி. கடலூர்தான் நல்லாருக்கும்” என்றாள் அத்தை. அவளும் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

செய்தியில் மாவட்டங்களை வரிசையாகச் சொல்வார்கள். கடலூர் வரும்போது அத்தை என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். என் ஆசைக்காக இவள் எப்படித் தவிக்கிறாள் என்று எனக்கு உருகிப்போகும்.

கடலூர் என்றால் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஆள்தான். பௌர்ணமி தவறாமல் வேனில் வரும் கும்பலில் ஒருவர். சின்ன ஃபைபர் போட்டில் மீன் பிடிப்பவர். கோடையில் பெரிய படகுகளுக்குத்தான் தடை, அவருக்கு இல்லை. மலை சுற்றி வரும் வழியில் எங்கள் கடையில் உட்கார்ந்தார் என்றால் மூன்று டம்ளர் சுக்குக் காபி. அன்றைக்கு ஊற்றிக் கொடுப்பது அத்தை. அந்தக் காரத்தை எப்படித்தான் இந்த மனுஷன் மூன்று டம்ளர் குடிக்கிறாரோ என்று வியந்திருக்கிறேன். ஒரு தடவை அன்பாக ஒரு பை நிறையக் கருவாடு கொண்டுவந்துவிட்டார். பௌர்ணமியன்று வீட்டுக்குள் கருவாடா! அம்மா பதறிப்போய் அதைக் கொல்லைப்புற வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்டாள். ஊர்ப் பூனைகள் அத்தனையும் அன்று எங்கள் வேப்பமரத்தைச் சுற்றிக் கிரிவலம் வந்தன.

அந்த வாரம் திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் வறண்ட வானிலை. வெள்ளிக்கிழமை கிளம்புவதாக முடிவானது. புதன்கிழமை வந்தது வினை. வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வாம். கடலோரத்தில் பலத்த காற்று வீசுமாம். மீனவர்கள் இந்த வாரம் முழுக்கக் கடலுக்குச் செல்ல வேண்டாமாம்.

அப்பா எழுந்து டிவியை அணைத்தார். “மீன் புடிக்கிறவனையே போவாதன்றாங்க. நாம போறதா? வேற வேல இல்ல?”

நான் தரையில் புரண்டு அழுதேன். அழுதுகொண்டே ஓரக்கண்ணால் பார்த்தால் அத்தை சிரித்துக்கொண்டிருக்கிறாள்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாவி, கட்சி மாறிவிட்டாளா?

“அது படகுல போறவங்களுக்குண்ணா. நாம கரையிலதான நிக்கப்போறோம்?” என்றாள் அத்தை. “இதுவும் நல்லதுக்குத்தான். எல்லாரும் கரையிலயே இருப்பாங்க.”

“எல்லாரும்னா, யாரு?” என்றார் அப்பா.

அத்தை அணைந்த டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா அவளை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

“கொழந்த இப்பிடி அழுவுது. ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டுத்தான் வருவோமே” என்றாள் அம்மா. “நேர்ல பாத்தாத்தான தெரியும்?”

அப்பா தலையைச் சொறிந்தார். “சரி, போலாம்” என்றார். என் அழுகையின் சக்தியை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை விழுப்புரத்தில் பஸ் மாறி, மத்தியானத்துக்குள் கடலூர் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். அத்தை தீபாவளிப் புடவையைக் கட்டியிருந்தாள். மணல் மேட்டில் ஏறியதும் பார்த்தேன். ஐயோ! ரெண்டு ஏரியாம், நான் சொன்னேனாம்! கண் போன தூரத்துக்குத் தண்ணீர், அதுவும் சும்மா கிடக்காமல் எழுந்து எழுந்து விழும் தண்ணீர். காற்று என் பாவாடையைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. நான் என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் கத்திக்கொண்டே இருந்தேன்.

படகுகள் எல்லாம் மணலில் வரிசையாக ஏறிக் கிடந்தன. ஒன்றின் நிழலில் உட்கார்ந்து வலையைச் சரிசெய்துகொண்டிருந்தவர் எங்களைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து நின்றார். நம் மூன்று டம்ளர்க்காரர். எனக்கு ஆச்சரியமே இல்லை. கடலூர்க்காரர் கடலூரில் இருக்கிறார், அவ்வளவுதானே.

ஆனால் அப்பாதான் என் பொறுமையைச் சோதித்தார். இவ்வளவு பெரிய கடலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அந்தப் படகருகிலேயே நின்றுவிட்டார். சட்டையைப் பிடித்து இழுத்தேன், அசையவில்லை.

“காத்து அடிக்கிற நாள்ல இன்னா பண்ணுவ தம்பி?”

“வலை வேலை இருக்கும்ணா. ஊட்ல அம்மா ஒண்டியா இருக்காங்க, அவங்களுக்குக் கூடமாட எதுனா செய்வேன்.”

“தண்ணி கிண்ணி?”

“இந்தத் தண்ணியே போதும்ணா” என்று கடலைக் காட்டினார். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“போவாதன்னு டிவில சொன்னா போவாம இருப்பியா? இல்ல, தெகிரியம் காட்டினு கெளம்பிடுவியா?”

“சத்தியமா போவமாட்டேண்ணா.”

தண்ணீரைக் கண்டால் பயப்படும் மனுஷன் என்னென்ன கேட்கிறார் பாருங்கள் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. கடைசியில் அப்பா, “வர பௌர்ணமிக்கு உங்கம்மாவையும் கூட்டினு வா. கடையில உக்காந்து பேசலாம்” என்றார். அவர் “சரிங்கண்ணா” என்றார். இன்னொரு தடவை “சரிங்கண்ணா” என்றார். மூன்றாம் தடவை தலையை மட்டும் ஆட்டினார்.

என்ன ஜனம், எந்த ஊர் என்று சொந்தக்காரர்கள் பிற்பாடு குதித்தார்கள், குதித்து ஓய்ந்தார்கள். இன்று அவரை நான் மாமா என்று கூப்பிடுகிறேன். அன்றைக்கு எனக்கு இருந்த கவலையெல்லாம், வயதான அந்த அம்மாவால் மலையைச் சுற்றி அவ்வளவு தூரம் நடக்க முடியுமா என்பதுதான்.

அன்று அப்பா “பேசலாம்” என்று சொல்லி முடிப்பதற்குள் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்துவிட்டாள். “அடியே, பொடவ! பொடவ!” என்று அம்மா பின்னாலிருந்து கத்தினாள். அத்தை நிற்கவில்லை. முதல் அலை முட்டிவரை நனைத்தது, அடுத்தது எங்கள் இரண்டு பேரையும் மணலில் உட்காரவைத்துவிட்டது. அத்தை சிரித்த சிரிப்பை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. சிரித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று அழுதாள், மறுபடி சிரித்தாள். கண்ணில் உப்புத் தண்ணீர் போய்விட்டதாக்கும் என்று, என் ஈரப் பாவாடை நுனியால் நன்றாகத் துடைத்துவிட்டேன்.