வெள்ளிக்கவசன் வந்த வாசல்

வல்லத்திராக்கோட்டையில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே கண்ணாத்தாள் இட்லிக் கடை வைத்திருந்தாள். கடையும் வீடும் ஒன்றுதான். நீளமான ஒரே அறை. தெருப்பக்கம் அடுப்பும் இரண்டு பெஞ்சுகளும். சாக்குப் படுதா ஒன்றைத் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் அவளும் மகள் ராசாத்தியும் புழங்கினார்கள். கோடியில் கொல்லைக்குப் போகும் கதவு. பன்றிகள் நுழையும் என்று அந்தக் கதவு எப்போதும் தாழிட்டே இருக்கும்.

அடுப்புப் புகையில் மண்சுவர் கறுத்துப்போய், தொட்டால் உதிர்ந்தது. ஒருநாள் இட்லியில் மண் விழுந்தது என்று பஸ் டிரைவர் ஒருவர் பாதியில் எழுந்து போய்விட்டார். அன்றைக்கே அவள் அரிசி மாவில் பசை காய்ச்சி, சுவரில் பழைய காகிதங்களை ஒட்டத் தொடங்கினாள். பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த நாகராசு தான் வாங்கும் வாரப் பத்திரிகையைப் படித்து முடித்துக் கொண்டுவந்து கொடுத்தான். அதன் கடைசிப் பக்கத்தில் வெள்ளிக்கவசன் என்ற வீரனின் படக்கதை வந்துகொண்டிருந்தது. குண்டு துளைக்காத கவசம் போட்டவன். ஒரே தாவில் கோட்டைச் சுவரைத் தாண்டுவான். கன்னத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. அந்தப் பக்கத்தை மட்டும் வாரம் தவறாமல் வரிசையாக ஒட்டும்படி நாகராசு கேட்டுக்கொண்டான். அது 1952ஆம் வருடம்.

அடுப்படியில் தொடங்கிய கதை, படுதாவைத் தாண்டி வீட்டுக்குள் நகர்ந்தது. சனிக்கிழமை காலை புதுக்கோட்டை பஸ்ஸில் பத்திரிகை வந்துவிடும். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், களத்துக்குப் போகிறவர்கள், தொடக்கப் பள்ளி வாத்தியார் ரெங்கராஜ் எல்லோரும் இட்லிக்கு வந்து, வெள்ளிக்கவசனுக்காக உட்கார்ந்தார்கள். கண்ணாத்தாளுக்கு எழுத்துத் தெரியாது. படத்தைப் பார்ப்பாள், நாகராசு வாசிப்பதைக் கேட்பாள், தோசைக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே வாதாடுவாள்.

வாதத்துக்குப் பஞ்சம் இருக்காது. மீனவர் குப்பத்தில் வளர்ந்த அநாதை என்று தொடங்கின கதையில் மூன்றாம் வருடம் வெள்ளிக்கவசனுக்கு ஓர் அண்ணன் வந்தான். அநாதைக்கு ஏது அண்ணன் என்று கண்ணாத்தாள் கேட்டாள். தொலைந்துபோனவன் என்றான் நாகராசு. அப்படியானால் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா என்று ரெங்கராஜ் எழுந்து சுவரைக் காட்டினார். ஒரு சண்டையில் கயிறு தானாக அறுந்ததா, அண்ணன் அறுத்தானா என்று மாதக்கணக்கில் தகராறு நடந்தது. அதற்குச் சாட்சி சொல்ல வேண்டிய படத்தைப் பசைக்கு ஆசைப்பட்ட கரப்பான்கள் தின்றுவிட்டிருந்தன. கரப்பானுக்கு அண்ணன் கொடுத்த லஞ்சம் என்று நாகராசு சொன்னதற்கு, ராசாத்திகூடப் படுதாவுக்குப் பின்னால் சிரித்தாள்.

1957இல் கதை முடிந்தது. வெடிகுண்டுப் பெட்டியை அணைத்துக்கொண்டு வெள்ளிக்கவசன் கலங்கரை விளக்கத்திலிருந்து கடலில் குதித்தான். கடைசிப் படத்தில் ஆள் இல்லை. அலைக்கு மேலே அவன் கைக்கவசம் மட்டும் தெரிந்தது. கீழே ‘முற்றும்’ என்று போட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் கொல்லைக் கதவின் நிலைக்கு ஒட்டினாற்போல் வந்து நின்றது. அதற்கு மேல் சுவர் இல்லை.

அவன் செத்ததை நாகராசு ஒத்துக்கொள்ளவே இல்லை. இரும்பு தண்ணீரில் மிதக்காது. மேலே தெரிகிறது என்றால் உள்ளே ஒரு கை அதைத் தூக்கிப் பிடித்திருக்கிறது என்றான். படம் போடுகிறவன் இரும்பைப் பற்றி யோசித்திருக்க மாட்டான், வேலையை முடித்துவிட்டுக் கூலி வாங்கப் போயிருப்பான் என்றார் ரெங்கராஜ். கண்ணாத்தாள் எடுத்த எடுப்பில், அவன் செத்துவிட்டான் என்றாள். அதிலிருந்து இறங்கவே இல்லை.

ஒருநாள் வாதம் முற்றிப்போய் நாகராசு வாய் தவறிவிட்டான்.

“ஒடம்பு காட்டலையே அத்தே. ஒடம்பப் பாக்காம எப்படிச் செத்தான்னு சொல்றது? மாமாவுக்கு மட்டும் நீங்க அப்படிச் சொல்லலையே?”

பெஞ்சில் இருந்தவர்கள் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள்.

அவன் மாமா என்றது பெரியகருப்பனை. கண்ணாத்தாளின் புருஷன். ராசாத்தி வயிற்றில் இருக்கும்போது, 1938இல், மலேயாவுக்குக் கப்பலேறியவன். சண்டை வரும்வரை பணமும் கடிதாசும் வந்தன. பிறகு இல்லை. சண்டை முடிந்து அரிமளத்துக்காரன் ஒருவன் எலும்பாகத் திரும்பி வந்தான். தோட்டத்து ஆட்களைச் சப்பான்காரன் சயாம் காட்டுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனதாகவும், பெரியகருப்பனை அங்கே காய்ச்சலோடு பார்த்ததாகவும், பிறகு தன்னை வேறு முகாமுக்கு மாற்றிவிட்டதாகவும் சொன்னான். செத்ததைப் பார்த்தாயா என்று கேட்டார்கள். பார்க்கவில்லை என்றான். இருப்பானா என்று கேட்டார்கள். அங்கே யார் இருந்தார்கள் என்று அழுதான்.

அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு முடிவுக்கு வந்தார்கள். கண்ணாத்தாள் எந்த முடிவுக்கும் வரவில்லை. தாலியும் குங்குமமுமாக இருந்தாள். பொங்கலன்று புருஷனுக்கு ஓர் இலை போடுவாள். சோறு ஆறியபின் அதை ராசாத்தி சாப்பிடுவாள்.

கரண்டியைத் தோசைக் கல்லின் ஓரத்தில் வைத்துவிட்டு அவள் நாகராசிடம் நிதானமாகத்தான் சொன்னாள்.

“உசுரோட இருக்கான்னு சொல்றதுக்கு ஒங்களுக்கு என்னடா செலவு? சொல்லிட்டு அங்கிட்டுப் போயிருவீங்க. எலை போட்டு வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கப் போறீங்களா?”

அடுத்த வருடம் ராசாத்திக்கு மாப்பிள்ளை வந்தது. அரிமளம் ஆவுடையப்பனின் மகன். திருமயம் தாலுகா ஆபீசில் பியூன். இதற்கு முன் வந்த வரன்கள், பெண்ணின் தகப்பன் சங்கதி தெரிந்ததும் ஊருக்குப் போய்த் தகவல் அனுப்புவதாகச் சொல்லிவிட்டு அனுப்பாமல் இருந்தார்கள். ஆவுடையப்பன் அப்படி நழுவுகிற ஆள் இல்லை. மனசில் இருப்பதைப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார். பக்கத்தில் பெரியகருப்பனின் தம்பி உடையப்பன் இருந்தான்.

“தப்பா எடுத்துக்காதீக தாயி. பத்திரிகை அடிக்கணும். பொண்ணுக்குத் தகப்பன் பேரு போடணும். இருக்காருன்னா எங்கிட்டு இருக்காருன்னு சொல்லுங்க, வரட்டும், காத்திருக்கோம். இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க, காலஞ்சென்றன்னு போட்டுக்கிர்றோம். ரெண்டுக்கும் நடுவுல எப்படிங்க பந்தக்கால் ஊண்டுறது?”

அதில் தப்பாக எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை என்று கண்ணாத்தாளுக்குத் தெரிந்தது. அதனால்தான் அது அவளை அவ்வளவு அறுத்தது. தாரை வார்த்துக் கொடுக்கப் புருஷனும் பெஞ்சாதியுமாக நிற்க வேண்டும். அவள் மட்டும் நிற்க முடியாது. பெரியகருப்பனுக்குக் காரியம் செய்யாமல், உடையப்பனும் அவன் பெண்டாட்டி அழகியும் அந்த இடத்தில் நின்றால், அண்ணன் இருக்கும்போதே தம்பி நின்றதாகிவிடும். பன்னிரண்டு வருடம் தகவல் இல்லாதவனுக்குப் புல்லில் உருவம் செய்து எரித்துவிடலாம் என்று உடையப்பன் முன்பே சொல்லியிருந்தான். சொல்லும்போதெல்லாம் அவள் அவனுக்கு இன்னொரு இட்லி வைத்துப் பேச்சை மாற்றிவிடுவாள். இந்தமுறை அவன் இலையை மடித்துவிட்டான்.

“பொண்ணுக்கு இருவது வயசாச்சு மதினி,” என்று மட்டும் சொன்னான்.

அவர்கள் போனபின் ராசாத்தி படுதாவை விலக்கிக்கொண்டு வந்தாள். அப்பனை அவள் பார்த்ததே இல்லை. ஆறிய சோறாகத்தான் அவளுக்கு அவனைத் தெரியும்.

“எனக்காக அவரக் கொல்ல வேணாம் ஆத்தா,” என்றாள்.

கண்ணாத்தாள் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தாள். மறுநாளுக்கு உளுந்து ஊறப்போட்டாள். படுதாவுக்குப் பின்னால் போய், நிலையை ஒட்டி இருந்த கடைசிப் படத்தின் முன் நின்றாள். அலை, கை, எழுத்து. செத்தான் என்று இத்தனை நாள் அடித்துப் பேசினாளே, அது எதற்காக? யாராவது ஒருவனாவது முடிவு தெரிந்து போகட்டும் என்றா? அவளுக்கே விளங்கவில்லை. விடிந்ததும் உடையப்பனுக்குச் சொல்லி அனுப்பினாள்.

கண்மாய்க் கரையில் தர்ப்பையால் ஓர் ஆள் செய்தார்கள். ஒரு கை நீளத்துக்குத்தான் இருந்தான். பெரியகருப்பன் நெட்டை என்று அவள் சொல்ல நினைத்தாள், சொல்லவில்லை. உடையப்பன் கொள்ளி வைத்தான். வைக்கோலைப் போலச் சட்டென்று எரிந்து அடங்கியது. சாம்பலில் எலும்பு என்று பொறுக்க எதுவும் இல்லாமல், அதற்குப் பதிலாக வைத்திருந்த பலாசக் குச்சிகளைப் பொறுக்கிக் கலயத்தில் போட்டார்கள். பதினாறாம் நாள் இரண்டு கிழவிகள் அவள் தாலியைக் கழற்றிப் பால் செம்பில் இட்டார்கள். அவள் அழுதாள். ஆனால் அந்த அழுகை சரியான இடத்தில் போய்ச் சேர்கிறதா என்று அழும்போதே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது, காரியம் செய்துவைத்தவர் ஈர வேட்டியைப் பிழிந்தபடி வழக்கமாகச் சொல்ல வேண்டியதைச் சொன்னார்.

“இனிமே அந்த ஆளே வந்து நின்னாலும் தலைவாசல் வழியா உள்ள விடக்கூடாது. எரிஞ்சவன் பொறந்தவனா வரணும். கொல்லை வாசல் வழியாக் கூப்பிட்டு, தண்ணி ஊத்தி, பொறந்த பிள்ளைக்குச் செய்றதெல்லாம் செஞ்சு, புதுசாப் பேரு வச்சுத்தான் சேக்கணும். சொல்லிட்டேன்.”

சம்பிரதாயத்துக்குச் சொல்லப்படுவது. மற்றவர்கள் அதற்குள் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். அன்றைய நாளில் நடந்த எல்லாவற்றிலும் கண்ணாத்தாளுக்குப் பிற்பாடு நினைவில் நின்றது அந்த ஒன்றுதான்.

வருடம் திரும்புவதற்குள் கல்யாணம் நடந்தது. பத்திரிகையில் காலஞ்சென்ற பெரியகருப்பன் என்று இருந்தது. உடையப்பனும் அழகியும் தாரை வார்த்தார்கள். வெள்ளைச் சேலைக்காரி மணவறைப் பக்கம் வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வைக்கக்கூடாது என்று அவளே சமையல்காரர்களோடு இருந்துகொண்டாள். கெட்டிமேளம் கேட்டபோது சாம்பாருக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராசாத்தி அரிமளம் போய்விட்டாள். அந்தப் பொங்கலுக்கும் கண்ணாத்தாள் ஓர் இலை போட்டாள். இப்போது அது செத்தவனுக்குப் படையல். ஆறியபின் சாப்பிட ஆள் இல்லை.

கடை நடந்தது. வாதம் மட்டும் நின்றுபோனது. அவள் கழுத்தைப் பார்த்தபின் நாகராசுக்கு இரும்பு மிதக்குமா மிதக்காதா என்று பேச நா எழவில்லை.

1960இல் ஒரு சனிக்கிழமை அவன் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். பாதி வழியிலேயே நடையைக் குறைத்து, அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். ரெங்கராஜ்தான் அதைப் பிடுங்கிப் பிரித்தார். வாசகர்கள் விடாமல் கேட்டதால் வெள்ளிக்கவசன் திரும்பி வருகிறானாம். அவன் சாகவே இல்லையாம். மீன்பிடி வள்ளம் ஒன்று தூக்கிப்போய், நினைவு தப்பித் தீவில் கிடந்தானாம்.

இரண்டு வருடம் அடைத்துக் கிடந்த வாதம் திறந்துகொண்டது. ஆளுக்கு ஆள் பேசினார்கள். இது அவனே இல்லை என்றார் ரெங்கராஜ். தழும்பு இடக்கன்னத்தில் இருந்தது, இவனுக்கு வலக்கன்னத்தில் இருக்கிறது, தாடையும் வேறு, எவனோ ஒருவனுக்குக் கவசத்தை மாட்டிவிட்டிருக்கிறார்கள் என்று சுவரில் பழைய படத்தைத் தட்டிக் காட்டினார். படம் போடுகிற ஆள் மாறியிருக்கிறான், வீரன் மாறவில்லை என்று நாகராசு மெல்லிய குரலில் சொன்னான்.

“மூணு வருசம் தீவுல கெடந்தவன் மொகம் அப்படியேவா சார் இருக்கும்?”

கண்ணாத்தாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பத்திரிகையை வாங்கினாள். வெகுநேரம் பார்த்தாள். எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் தழும்பைப் பற்றிக் கேட்கவில்லை.

“இவன் எந்த வாசல் வழியாடா ஊருக்குள்ள வாரான்?”

நாகராசு குனிந்து பார்த்தான். “கோட்டை வாசல் அத்தே. மால போட்டுக் கூட்டியாராங்க.”

“இவனுக்குக் காரியம் பண்ணலையா?”

“இல்ல அத்தே. செலைதான் வச்சிருந்தாங்க.”

“அப்பச் சரி,” என்றாள். “வரலாம்.”

அன்று மதியம் கடையில் ஆள் ஓய்ந்தபின் பசை காய்ச்சினாள். நாகராசு உதவிக்கு வந்தான். சுவரில்தான் இடமில்லையே, அடுப்படியில் பழசைக் கிழித்துவிட்டு ஒட்டலாமா என்று கேட்டான். அவள் கொல்லைக் கதவண்டை போனாள். அரிவாள்மணையின் நுனியால் தாழ்ப்பாளின் ஆணிகளை நெம்பிக் கழற்றி, தாழ்ப்பாளை மண்ணெண்ணெய் டப்பாவுக்குப் பின்னால் போட்டாள். கதவைச் சாத்தினாள். பிறகு அந்தப் புதுப் பக்கத்தைப் பாதி நிலையிலும் பாதி கதவிலுமாக, இரண்டையும் சேர்த்து ஒட்டினாள்.

“கதவு தொறந்தா கிழிஞ்சுருமே அத்தே.”

“கிழியட்டும்,” என்றாள்.

அதற்குப் பிறகு அவள் அந்தக் கதவைப் புழங்கவே இல்லை. கொல்லையில் வேலை என்றால் தெருவாசல் வழியாக இறங்கி, வீட்டைச் சுற்றிக்கொண்டு போவாள், மழை நாளில்கூட. விடிந்ததும் அடுப்பை மூட்டுவதற்கு முன் படுதாவை விலக்கி ஒருமுறை கதவைப் பார்ப்பாள். வெள்ளிக்கவசன் மறுபடி வந்து, மறுபடி சண்டை போட்டு, அந்தப் பத்திரிகையே நின்றுபோனது. ராசாத்தி பிள்ளைகளோடு வந்து போனாள். கதவில் இருந்த காகிதம் பழுத்தது. ஓரத்தைக் கரப்பான் தின்றது. தழும்பு இருந்த கன்னமும் போயிற்று. நிலைக்கும் கதவுக்கும் நடுவில் மட்டும் அது கிழியாமல் இருந்தது.