அன்று அரசனாக நின்றவர்

அந்தக் கிரீடத்தை நான் முதன்முதலில் கண்டது கைபேசித் திரையில்தான். மதிய வெயிலில் மருந்துக்கடையில் ஆளில்லாத நேரம். லண்டனில் இருக்கும் எங்களூர்ச் சங்கம் ஒன்று, இங்குள்ள வைத்தியசாலையின் சிறுவர் வாட்டுக்கு உபகரணங்கள் வாங்குவதற்காகப் பழைய நாடகப் பொருள்களை இணையத்தில் ஏலம் விட்டுக்கொண்டிருந்தது. யாரோ அந்த இணைப்பை அனுப்பியிருந்தார்கள். ஒரு மரவாள், நிறம் போன துண்டுப் பிரசுரங்கள், பழைய ஆர்மோனியம், அவற்றுக்குப் பிறகு அந்தக் கிரீடம். பொன் தாள் இடையிடையே உரிந்து, பச்சைக் கண்ணாடிக் கற்கள் சில விழுந்த குழிகளோடு இருந்தது. கீழே ஒரு குறிப்பு. மயிலிட்டிக் கோயில் திருவிழாவில் சனம் எழுந்து நின்று கைதட்டிய அந்த நாடகத்தில் அரசனாக நடித்தவர் அணிந்தது என்று எழுதி, அவருடைய பெயரையும் போட்டிருந்தார்கள். ஏலம் சனிக்கிழமை பின்னேரம் முடியும் என்றும் இருந்தது.

நான் கதிரையில் இருந்துவிட்டேன். ஏனென்றால் அன்று அரசனாக நின்றவர் அவர் இல்லை. என் சின்னம்மா.

அதை எனக்குச் சொன்னவர் என் அம்மா. அதுவும் தன் கடைசிக் காலத்தில், படுக்கையில் கிடந்தபடி, சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். மயிலிட்டியில் என் தாய்வழிப் பாட்டனார் படகுகள் வைத்திருந்தவர். நாடகக்காரருக்குச் சாப்பாடு போட்டு, தன் வீட்டு வளவிலேயே ஒத்திகையும் நடத்த விட்டார். ஒத்திகைக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்த இளைய மகள் வேலிக்குப் பின்னால் நின்று அரசனின் பாட்டுகள் முழுவதையும் பாடமாக்கிவிட்டாள் என்பது அவருக்குத் தெரியாது. திருவிழாவன்று அரசன் வேடக்காரருக்குக் கடும் காய்ச்சல். தொண்டையில் சத்தம் வரவில்லை. சனம் பாய் விரித்து இருந்துவிட்டது. நாடகத்தைப் பழக்கிய அண்ணாவியார் தலையில் கைவைத்துக்கொண்டு வேடம் கட்டும் கொட்டிலுக்குள் நின்றபோது, சின்னம்மா உள்ளே போய் அரசனின் முதற்பாட்டைப் பாடிக் காட்டினாராம். மீசை ஒட்டி, உடுப்பு மாட்டி, கிரீடம் வைத்து அவரை மேடைக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தக் காலத்தில் எங்களூரில் ஒரு பெண் கூத்து மேடையில் ஏறுவது நினைத்தும் பார்க்க முடியாத காரியம். பார்த்திருந்த சனத்தில் ஒருவருக்கும் பிடிபடவில்லை. முன்வரிசையில் இருந்த தகப்பனுக்கு மட்டும் இரண்டாவது பாட்டிலேயே குரல் பிடிபட்டுவிட்டது.

அவர் எழும்பிப் போகவில்லை. முடியும்வரை இருந்து பார்த்தார். பிறகு அண்ணாவியாரையும் அந்த நடிகரையும் கோயில் வாசலுக்கு அழைத்துப்போய், நடித்தது நடிகர்தான் என்று எந்தக் காலத்திலும் சொல்லவேண்டுமென்று சத்தியம் வாங்கினார். சின்னம்மாவுக்கு அப்போது கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒத்திகை வளவை விட்டுப் போயிற்று. சின்னம்மா அதற்குப் பிறகு ஒரு பாட்டும் பாடவில்லை என்றார் அம்மா. கலியாணம் நடந்தது. சித்தப்பாவுக்கு அது கடைசிவரை தெரியாது.

இடம்பெயர்ந்து எங்கெங்கோ இருந்து, சித்தப்பாவும் போனபின், சின்னம்மா உடுவிலில் எங்களோடு வந்து இருக்கிறார். கண்டிப்பான மனுசி. அவர் சத்தமாகச் சிரித்ததை நான் கேட்டதில்லை. அவரிடம் நாடகம் என்ற பேச்சையே நான் எடுத்ததுமில்லை. கிரீடத்தைச் சத்தமில்லாமல் ஏலத்தில் எடுத்து அவர் கையில் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அன்று வீட்டுக்குப் போனதும், என்ன துணிவிலோ, படத்தை அவர் முன்னால் நீட்டிவிட்டேன்.

நெடுநேரம் பார்த்தார்.

"உந்தப் படத்தை ஏன் எனக்குக் காட்டுறாய்?"

"அம்மா எல்லாம் சொன்னவ, சின்னம்மா. நான் இதை உங்களுக்கு வாங்கப்போறன்."

"கீழை என்ன எழுதிக்கிடக்கு? வாசி."

வாசித்தேன். அவர் முகம் இறுகியது. "எனக்கு உது வேண்டாம். அந்தப் பெயரை மாத்தச் சொல்லு."

"இவ்வளவு காலமும் பேசாமல் இருந்தனீங்கள்..."

"ஆருக்குப் பயந்து இருந்தனோ, அவையள் ஒருத்தரும் இப்ப இல்லை, மோனை."

சங்கத்துக்கு எழுதினேன். இரண்டு நாள் பதிலில்லை. பிறகு, கிரீடத்தைக் கொடுத்தவர் அந்த நடிகரின் மகன் என்றும், குறிப்பும் அவர் சொன்னதுதான் என்றும், ஆதாரமில்லாமல் மாற்ற முடியாது என்றும் பதில் வந்தது. சனிக்கிழமை, ஏலம் முடிய ஒரு மணித்தியாலம்கூட இல்லாத நேரத்தில், அந்த மகனே காணொளியில் அழைத்தார்; சின்னம்மா என் பக்கத்தில் இருந்தார். ஐம்பது வயது மதிக்கலாம். கோபத்தை அடக்கிக்கொண்டு பேசுகிறார் என்பது தெரிந்தது.

"அம்மா, அப்பா சாகிறதுக்கு முதல்நாளும் அந்த நாடகத்தைப் பற்றித்தான் கதைச்சவர். அவர் பொய் சொன்னவர் எண்டு நான் எப்பிடி நம்புறது?"

இறந்துபோன ஒருவரின் பெருமையை அவருடைய பிள்ளையிடமிருந்தே பறிக்கப்போகிறோமா என்று குழம்பினேன். அழைப்பைத் துண்டித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். சின்னம்மா என் கையிலிருந்த கைபேசியைத் தன் பக்கம் திருப்பினார்.

"உங்கடை அப்பா நல்லாத்தான் நடிப்பார், தம்பி. அண்டைக்கு மட்டும் அவர் இல்லை. பொய் சொல்லச் சொன்னது என்ரை ஐயா. கோயில் வாசலிலை சத்தியம் வாங்கினவர். உங்கடை அப்பா அந்தச் சத்தியத்தைக் காப்பாத்தின மனிசன்."

அவர் திரையிலிருந்து பார்வையை விலக்கினார்.

"கிரீடம் உங்களிட்டையோ இருக்கு? நெத்திப் பக்கம் உள்ளுக்கை பாருங்கோ. அது ஆம்பிளைத் தலைக்குச் செய்தது, எனக்குப் பெரிசு. கண்ணை மறைச்சுது. என்ரை அக்கா தன்ரை சீலைக் கரையைக் கிழிச்சு உள்ளுக்கை வைச்சுத் தைச்சவ. நீலக்கரை."

அவர் கிரீடத்தை எடுத்துவந்து கவிழ்த்துக் காட்டினார். உள்ளே முழுவதும் சிவப்பு வெல்வெட் துணி. "நீலம் ஒண்டும் இல்லையே. இது அப்பா தன்ரை கையாலை தைச்சது" என்றார். சின்னம்மா அசையவில்லை. "அதுக்குக் கீழை பாருங்கோ" என்றார்.

தகப்பனின் தையலை வெட்ட அவருக்கு மனம் வரவில்லை. சிறிய கத்தரிக்கோலைக் கையில் எடுத்துவிட்டு அப்படியே இருந்தார். இணைப்பு ஒருமுறை அறுந்து, மறுபடி வந்தபோது வெட்டிக்கொண்டிருந்தார். வெல்வெட்டின் ஓரம் விலகியது. மடித்துத் தைத்த ஒரு துண்டு. மங்கியிருந்தாலும் நீலம் நீலம்தான். என் அம்மாவின் தையல்.

மகன் அந்தத் துண்டைத் தடவியபடி, "இதைப் பிடுங்கி எறிஞ்சிருக்கலாம். அப்பா மூடித்தான் வைச்சிருக்கிறார்" என்றார்.

"ஓம் மோனை" என்றார் சின்னம்மா. "அந்தாள் எறியேல்லை."

மகன் சங்கத்துக்குச் சொல்ல, சில நிமிடங்களில் குறிப்பு மாறியது. சின்னம்மாவின் முழுப்பெயர், ஊர்ப்பெயர், காய்ச்சலில் கிடந்த நடிகரின் பெயர், சத்தியம் எல்லாம் அதில் இருந்தன. அதன்பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அதுவரை ஆறப்போட்டதுபோல் கிடந்த ஏலம் துள்ளி எழுந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று நான் முன்பே கேட்டு வைத்திருந்த விலைக்கு மேல் ஒருவர், அவருக்கு மேல் இன்னொருவர். நான் விடாமல் ஏற்றினேன். மனைவி என் தோளைப் பிடித்தாள். சேமிப்பில் இருப்பதையெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு மறுபடியும் விரலை வைக்கப் போனபோது, சின்னம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தப் பிடியில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

"விடு. ஆர் வாங்கினாலும் இனி என்ரை பெயரோடைதானே வைச்சிருக்கோணும். காசு சின்னப் பிள்ளையளின்ரை வாட்டுக்குத்தானே போகுது."

ஏலம் முடிந்தது. நோர்வேயில் வாழும், எங்களுக்கு முன்பின் தெரியாத ஒரு பெண் அதை எடுத்திருந்தார். எனக்குத் தோற்றுப்போன ஆற்றாமை. சின்னம்மாவோ எழும்பிப்போய், ஒன்றும் நடவாததுபோல் இரவுச் சாப்பாட்டுக்கு மா குழைத்தார்.

போன வாரம் அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு செய்தி வந்தது. கிரீடத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறாராம், பக்கத்தில் வைக்கச் சின்னம்மாவின் படம் ஒன்று வேண்டுமாம். வேடத்தில் எடுத்த படம் எங்கே இருக்கப்போகிறது? இப்போதைய படமே போதும் என்று எழுதினார் அந்தப் பெண். முற்றத்தில் கதிரை போட்டுச் சின்னம்மாவை இருத்தினேன். சீலையைச் சரிசெய்து, கைகளைக் கதிரையின் இரு பக்கமும் ஊன்றி, முதுகை நிமிர்த்திக்கொண்டார். கொஞ்சம் சிரியுங்கோ என்றேன். சிரிக்கவில்லை. கமராவைப் பாருங்கோ என்றேன். அதையும் பார்க்கவில்லை. முகவாய் உயர்ந்தது. என் தலைக்கு மேலால், வேலிக்கும் அப்பால், பாய் விரித்திருக்கும் சனத்தின் கடைசி வரிசையை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.