பலகையில் புன்னை, குழியில் பலா

வளர்மதி இறந்த செய்தி எங்கள் துறையின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. ஸ்ரீரங்கத்தில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். மாரடைப்பு, பொன்மலை வீட்டிலிருந்து மூன்று மணிக்கு எடுக்கிறார்கள் என்று இரண்டே வரி. அதைப் படித்து முடிப்பதற்குள் யாரோ அதன் கீழே ரோஜாப்பூ படத்துடன் காலை வணக்கம் போட்டிருந்தார்கள். அன்று பிடித்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் சிலருக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

எங்கள் கல்லூரியின் தாவரவியல் ஆய்வகத்தில் அவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் உதவியாளராக இருந்தார். பாடம் நடத்திய எங்களைவிட மரங்களை நன்றாக அறிந்தவர். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறந்து சொன்னதில்லை.

ஒரு செய்முறைத் தேர்வுக்கு அடையாளம் காண்பதற்காக நான் ஓர் இலையை மேசையில் வைத்து, விடைக் குறிப்பில் ‘புன்னை’ என்று எழுதியிருந்தேன். பளபளப்பான தடித்த கரும்பச்சை இலை, கிள்ளினால் பால். வளர்மதி அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“மேடம், இது பலா இலைங்க.”

மாணவர்கள் வெளியே வரிசையில் நிற்கிறார்கள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. “பால் வருதே வளர்மதி?” என்றேன்.

“பால் ரெண்டுலயும்தான் வரும். நரம்பைப் பாருங்க. பலாவுல தள்ளித் தள்ளி ஏழெட்டு ஓடுது. புன்னைன்னா சீப்புப் பல்லு மாதிரி நெருக்கமா இருக்கும். ஒத்தை இலையை வச்சு மரத்தைச் சொல்லாதீங்க மேடம், குச்சியோட ஒடிச்சிட்டு வரச் சொல்லுங்க. புன்னையில எதிரெதிரா ஜோடியா நிக்கும். பலாவுல ஒண்ணு இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம்.”

ஸ்ரீரங்கம் கோயிலில் சந்திர புஷ்கரணிக் குளக்கரைப் புன்னையை வாரம் தவறாமல் சுற்றி வருகிறவள் நான். ஒரு நாளாவது அண்ணாந்து பார்த்திருந்தால் அந்த அசட்டுத்தனம் நேர்ந்திருக்காது. அன்று முழுவதும் அவரோடு நான் பேசவில்லை. அவர் வழக்கம்போல நாலு மணிக்கு டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

இன்னொரு முறை, எங்கள் பக்கம் வளராத மரம் ஒன்றைப் பற்றி, ‘பசுமை மாறா ஓக் மரத்தை அதைப் போன்ற பிற ஓக் மரங்களிலிருந்து வேறுபடுத்துக’ என்று கேள்வி எடுத்திருந்தேன். பழைய இலை உதிருமுன் புது இலை வந்துவிடும், கிளை மொட்டையாகாது, கொட்டை மட்டும் எல்லா ஓக்கையும் போலக் கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும் என்று பிள்ளைகள் மனப்பாடமாக எழுதித் தள்ளினார்கள். தாள்களைக் கட்டிக்கொண்டே வளர்மதி கேட்டார்: “அந்தக் கொட்டையை நீங்க தொட்டுப் பார்த்திருக்கீங்களா மேடம்?”

“இல்லை.”

“நானும் இல்லை, பிள்ளைங்களும் இல்லை. அப்ப யாரு யாருக்குங்க பரீட்சை வைக்கிறோம்?”

மறுநாள் என் மேசையில் கோலிக்குண்டு போலப் புன்னங்கொட்டைகள் ஒரு கைப்பிடி கிடந்தன.

இப்படிப்பட்டவருக்குக் கல்லூரியில் இரங்கல் கூட்டம் நடத்தி, அவருக்குப் பிடித்த புன்னையை நடுகிறோம் என்றார்கள். கன்றைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இலைகள் ஜோடியாக இல்லை, மாறி மாறி நின்றன. பலா. பக்கத்தில் நட்ட பலகையில் ‘வளர்மதி நினைவுப் புன்னை’ என்று இருந்தது. தாவரவியல் படித்தவர்கள் பதினைந்து பேர் சுற்றி நின்று கைதட்டினார்கள்.

துறைத்தலைவரைத் தனியாக அழைத்துச் சொன்னேன். “நர்சரியில புன்னைன்னுதாங்க கொடுத்தாங்க” என்றார். இலையைக் காட்டினேன். “பச்சையா நல்லாத்தானே இருக்கு? பலகை வேற எழுதி நட்டாச்சு. இப்பப் போய்ப் பிடுங்கினா அவங்க வீட்டுக்காரர் என்ன நினைப்பாரு? விடுங்க மேடம்.”

விடமாட்டேன் என்று விறுவிறுவென ஆய்வகத்துக்குப் போனேன். எங்கள் சேகரிப்பில் உலர்த்தித் தாளில் ஒட்டிய புன்னைக் கிளை ஒன்று உண்டு. அதைக் கொண்டுவந்து துறைத்தலைவர் முகத்துக்கு நேரே நீட்டுவதாகத் திட்டம். தாளை எடுத்தேன். ஜோடி ஜோடியாக இலைகள், நரம்பு ஒன்றுகூட மடங்கவில்லை. கொள்ளிடக் கரையில் அந்தக் கிளையை ஒடித்தது வளர்மதி. செய்தித்தாள் மாற்றி மாற்றி அழுத்தி உலர்த்தியதும் அவர்தான். கீழே ‘சேகரித்தவர்’ என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. என் கையெழுத்தில்தான்.

நான் அதை எழுதிய அன்று வளர்மதி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பசை காயட்டும் மேடம், கை வச்சிடாதீங்க என்று மட்டும் சொன்னார்.

தாளோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வெளியே தவறான மரத்தடியில் அவர் பெயர், இங்கே சரியான மரத்தடியில் என் பெயர். துறைத்தலைவரிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சண்டை போடுவது?

என் பெயரை ஒற்றைக் கோட்டால் அடித்து, மேலே ‘வளர்மதி’ என்று எழுதினேன். அடித்தது தெரியும்படியே விட்டிருக்கிறேன். அந்தப் பலா காய்க்கிற அன்று பலகையைப் படித்துவிட்டு யாராவது ஆய்வகத்துக்குக் கேட்க வருவார்கள். இந்தத் தாளைக் காட்டுங்கள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரே ஒரு பழக்கம். எந்த மரத்தைப் பார்த்தாலும் பெயர் சொல்லும் முன் குச்சியில் இலை எப்படி நிற்கிறது என்று பார்க்கிறேன். மனிதர்களிடம் அதைச் செய்ய எனக்கு இருபது வருடம் பிந்திவிட்டது.