ஐந்தாவது துண்டு

என் மகளுக்கு இப்போது கைவேலைப் பைத்தியம் பிடித்திருக்கிறது. பள்ளி விடுமுறை, கையில் போன். போனுக்குள்ளே யாரோ ஒரு பெண் பழைய சேர்ட்டைக் கிழித்து ஐந்தே நிமிடத்தில் குஷன் உறை தைத்துக் காட்டுகிறாள். இவளும் தைக்கிறாள். இவளுக்கு ஐந்து நாளாகிறது. வீடு முழுக்க நூலும் பஞ்சும். அவளுடைய வாப்பா இடுப்பில் உடுத்தும் நல்ல சாரம் ஒன்று ஏற்கெனவே கைப்பையாகிவிட்டது. சும்மா போனைப் பார்த்துக்கொண்டு கிடப்பதற்கு இது மேல் என்று நானும் விட்டுவிட்டேன். போன கிழமை சமையலறை வாசலில் வந்து நின்று கேட்டாள்.

"உம்மா, வீட்டுல வெள்ளத் துணி ஏதும் இருக்கா?"

"இல்ல" என்றேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன், தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அவள் போய்விட்டாள். உங்களிடம் சொல்வதற்கென்ன, அது பொய். அந்தப் பொய்யை நான் சொன்னது அது முதல் தரமும் இல்லை.

பாலாவியிலிருந்து கல்பிட்டிக்குப் போகும் பாதையோரத்தில்தான் நான் பிறந்து வளர்ந்த வீடு. அந்த வீட்டில் உடுப்புப் போடாத சாமான் கிடையாது. ரேடியோவுக்கு ஒரு சட்டை, தண்ணீர்ப் பானைக்கு மணி கோத்த தொப்பி, மேசைக்கு விரிப்பு, விரிப்பு அழுக்காகாமல் இருக்க அதற்கு மேல் இன்னொரு விரிப்பு. எல்லாம் உம்மாவின் கை மெசினில் தைத்தவை. அந்த மெசினுக்கும் ஓர் உறை இருந்தது. வாப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. உப்புப் பட்டு இற்றுப்போன அவருடைய சேர்ட்டை உம்மா வீணாக்கியதே இல்லை. முதுகுப் பக்கம் தலையணை உறையாகும், கைகள் இரண்டும் சட்டி இறக்கும் துணியாகும், பொத்தான்கள் ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள் போகும், மிச்சம் மீதியைச் சேர்த்துப் பின்னினால் வாசலுக்குக் கால்துடைப்பான். நான் மௌத்தானால் என்னையும் ஏதாவது உறையாகத் தைத்துவிடுவாள் உங்கள் உம்மா என்று வாப்பா கேலி செய்வார். உம்மா மெசின் சக்கரத்தைச் சுற்றுவதை நிறுத்தாமலே சிரிப்பார்.

எனக்குச் சிரிப்பு வராது. காரணம் என் உள்பாவாடை. அந்தக் காலத்தில் கோதுமை மா துணிச் சாக்கில் வரும். உம்மா அதைச் சலவைச் சோடா போட்டு அவித்து, வெயிலில் காயப்போட்டு, எனக்கு உள்பாவாடை தைப்பார். எவ்வளவு அவித்தாலும் அச்செழுத்து முழுதாகப் போகாது. என் பின்பக்கத்தில் மாவின் நிறை இத்தனை கிலோ என்று வெளிறிய நீலத்தில் எழுதியிருக்கும். யார் பார்க்கப் போகிறார்கள் என்பார் உம்மா. யாரும் பார்க்கவில்லைதான். ஆனால் வகுப்பில் எழுந்து நிற்கும்போதெல்லாம் எல்லோரும் அதை வாசிப்பதாகவே எனக்குப் படும். இல்லாத வெட்கத்தையெல்லாம் அப்படி இழுத்துப் போட்டுக்கொண்டு திரிந்தவள் நான். உண்மையாக வெட்கப்பட வேண்டிய இடம் வந்தபோது அது எங்கே போய் ஒளிந்துகொண்டதோ தெரியாது.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது மன்னாரிலிருந்து சனங்கள் வந்தார்கள். யுத்தத்தில் வீடு வாசலை விட்டுப் போகச் சொல்லி விரட்டப்பட்டு, வள்ளங்களில் ஏறிக் கல்பிட்டிக் கரையில் இறங்கியவர்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த தென்னந்தோட்டத்தில் கிடுகுக் கொட்டில்கள் வரிசையாக முளைத்தன. அதில் ஒன்றில் சுபைதா மாமியும் அவருடைய மகள் ஷரீபாவும் இருந்தார்கள். மாமிக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் அதற்கு முன்பே மௌத்து. ஷரீபா என் வகுப்பில் வந்து சேர்ந்தாள். மாமி வெள்ளிக்கிழமைகளில் உம்மாவின் மெசினில் எதையாவது தைத்துக்கொண்டு போக வருவார். கதை அதிகம் கிடையாது. தைத்து முடிந்ததும் மெசினைத் துடைத்து, எண்ணெய் போட்டு, உறையையும் மாட்டிவிட்டுத்தான் எழும்புவார்.

முதல் மாரி வந்து கொட்டில்கள் ஒழுகத் தொடங்கியபோது மாமி ஒரு துணிப் பொட்டலத்தோடு வந்தார். அவருடைய கணவர் ஹஜ்ஜுக்குப் போனபோது மக்காவில் வாங்கி, ஸம்ஸம் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துக் கொண்டுவந்த கபன் துணி அது. இறந்தவரின் மையித்தைப் பொதியும் வெள்ளைத் துணி. அவருக்கு ஒன்று, மாமிக்கு ஒன்று. அவருடையதில் அவரைப் பொதிந்து அடக்கியாயிற்று. இது மாமியுடையது. விரட்டப்பட்ட அன்று நகையையும் காசையும் விட்டுவிட்டு வந்தவர், இதை வயிற்றோடு கட்டிக்கொண்டு வள்ளம் ஏறியிருக்கிறார். உம்மாவிடம் நீட்டிக்கொண்டு சொன்னார்.

"தங்கச்சி, இது அமானிதம். கொட்டிலுக்குள்ள நனைஞ்சிரும். ஒங்கட அலுமாரியில ஒரு ஓரத்துல கெடக்கட்டும்."

அமானிதம் என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருள். அதில் கைவைப்பதைப் போலப் பாவம் வேறில்லை என்றுதான் எங்களுக்கு ஓதிக்கொடுத்தார்கள். உம்மா பொட்டலத்தைப் பிரித்து மாமியின் முன்னாலேயே எண்ணினார். பெண்ணுக்கு ஐந்து துண்டு. ஐந்தும் இருந்தன. அலுமாரியின் கீழ்த்தட்டில், பெருநாள் உடுப்புகளுக்குக் கீழே வைத்தார். கதவைத் திறந்தால் கற்பூரமும் அத்தரும் கலந்த மணம் வரும். எனக்கு அந்த மணம் பிடிக்கும். சும்மா சும்மா திறந்து மோந்து பார்ப்பேன்.

அடுத்த வருடம் பள்ளியில் கைப்பணிக் கண்காட்சி வந்தது. ஒவ்வொருவரும் வெள்ளைத் துணியில் பூ வேலை செய்து ஒரு மேசை விரிப்புக் கொண்டுவர வேண்டும் என்றார் மனையியல் டீச்சர். உம்மா எனக்கு எடுத்துத் தந்தது, வேறென்ன, மாச் சாக்கு. முன்பைவிட நன்றாக அவித்திருந்தார். ஆனாலும் ஒரு மூலையில் எழுத்து தெரிந்தது. உள்ளே உடுத்தினால் யாரும் பார்க்க மாட்டார்கள், இதைக் கண்காட்சி மேசையில் விரித்து, எனது பெயரையும் எழுதி வைப்பார்கள். கொழும்புத் துணி கொண்டுவருவோம் என்று இரண்டு பிள்ளைகள் பீற்றிக்கொண்டு திரிந்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

உம்மா சந்தைக்குப் போன ஒரு பகலில் அலுமாரியைத் திறந்து, ஐந்தில் ஆகச் சின்னத் துண்டை உருவி எடுத்தேன். தலைக்குக் கட்டும் துண்டு அது. மேசை விரிப்புக்கென்றே அளந்து வெட்டியதைப் போல இருந்தது.

அது என்ன துணி என்று எனக்குத் தெரியாது என்றுதான் பிறகு உம்மாவிடம் சொன்னேன். வளர்ந்த பிறகு எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். தெரியும். மாமி அதைக் கொடுத்தபோது நான் அறைத் திரைக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். என் கணக்கு இதுதான்: மாமி திடகாத்திரமாக இருக்கிறார், இப்போதைக்கு மௌத்தாக மாட்டார், அதற்குள் எப்படியாவது ஒரு துணி வாங்கி வைத்துவிடலாம். ஒரு மனுசி எப்போது சாவார் என்று கணக்குப் போட்டுக்கொண்டு பூ வேலை செய்த பிள்ளை வேறெங்காவது இருக்குமா என்று தெரியவில்லை.

படியெடுக்கும் நீலக் காபன் தாள் வைத்துக் கோடு இழுத்தேன். நான்கு மூலையிலும் திராட்சைக் குலை. சுற்றிவர ஓரம் மடித்துத் தைத்தேன். திராட்சை தக்காளி போல வந்தது என்பது வேறு விசயம். என்றாலும் முதலாம் பரிசு எனக்குத்தான். டீச்சர் துணியைத் தடவித் தடவிப் பார்த்தார். இவ்வளவு நயமான துணி எங்கே வாங்கினாய் என்று கேட்டார். மாமா கொழும்பிலிருந்து கொண்டுவந்தார் என்றேன். எனக்குக் கொழும்பில் மாமாவே கிடையாது.

ஷரீபாவின் விரிப்பு என்னுடையதற்குப் பக்கத்தில் இருந்தது. நிவாரணத்தில் கிடைத்த மாச் சாக்கு. அவள் எழுத்தை மறைக்க முயலவே இல்லை. ஒவ்வோர் எழுத்தின் மேலும் பச்சை நூலால் கொடி போலத் தைத்து, இடையிடையே சிவப்பில் பூ வைத்திருந்தாள். இன்றைக்கு நினைத்தால் அங்கிருந்ததிலேயே அழகானது அதுதான். அதற்கு ஆறுதல் பரிசுகூடக் கிடைக்கவில்லை.

மகளின் கைவேலையைப் பார்க்க மாமியும் வந்தார். மகளுடையதைப் பார்த்துவிட்டு என்னுடையதற்கு நகர்ந்தார். ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துத் தேய்த்தார். குனிந்தார். மோந்து பார்த்தாரா, கண் தெரியாமல் குனிந்தாரா என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. நிமிர்ந்து என் தலையைத் தடவினார்.

"நல்ல துணி, புள்ள" என்றார். அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் கழித்து உம்மா வந்தார். விரிப்பைப் பார்த்தவர் அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போனார். நான் பரிசுச் சோப்புப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தபோது அலுமாரி திறந்து கிடந்தது, உம்மா அதன் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் இந்தக் கதை அன்றைக்கே முடிந்திருக்கும்.

"ஊரெல்லாம் உட்டுட்டு இத மட்டும் தூக்கிட்டு வந்த மனிசி" என்றார். "அவட மொகத்த நான் எப்பிடிப் பாப்பன்?"

மாமியிடம் போய்ச் சொல்லி மாப்புக் கேட்போம் என்று அன்றிரவு வாப்பா சொன்னாராம். உம்மாவுக்கு அந்தத் துணிவு வரவில்லை. மறுநாள் புத்தளத்துக்குப் போய் அதே அளவில், ஏறக்குறைய அதே நயத்தில் ஒரு துண்டு வாங்கி வந்தார். அலசிக் காயவைத்து, கற்பூரம் பூசி, மற்ற நான்கோடு சேர்த்து மடித்து வைத்தார். ஸம்ஸம் தண்ணீருக்குப் புத்தளத்தில் எங்கே போவது? வாயைத் திறக்காதே என்று என்னிடம் ஒரு தரம்தான் சொன்னார். நானும் திறக்கவில்லை. இந்த ஒரு விசயத்தில் மட்டும் நான் சொல் கேட்கும் பிள்ளை.

நாலைந்து வருடத்தில் மாமிக்கு மாம்புரிப் பக்கம் ஒரு துண்டு நிலமும் கல்வீடும் கிடைத்தன. பொட்டலத்தை வாங்க வந்தார். உம்மா கொடுத்தபோது அவர் பிரித்து எண்ணவில்லை. மழை படாமல் இத்தனை காலம் வைத்திருந்ததற்கு அல்லாஹ் உங்களுக்குப் பரக்கத் செய்யட்டும் என்று துஆச் செய்துவிட்டுப் போனார். உம்மா அன்று பகல் சாப்பிடவில்லை.

அதன் பிறகு எனக்குக் கல்யாணமாகிப் புத்தளத்துக்கு வந்துவிட்டேன். வாப்பா போனார். பிறகு உம்மாவும் போனார். உம்மாவைக் குளிப்பாட்டியவர்களில் சுபைதா மாமியும் ஒருவர். எல்லாம் முடிந்து என் பக்கத்தில் வந்து, என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வராது என்று எனக்கே தெரிந்தது. மௌத்து வீட்டில் எதற்கு இந்தக் கதை என்று ஒரு சாட்டும் கையோடு கிடைத்தது.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு காலையில் ஷரீபா போன் எடுத்தாள். மாமி விடியச் சுபஹுக்குப் பிறகு மௌத்து, பின்னேரம் அஸருக்குப் பிறகு அடக்கம். போனை வைத்ததும் நான் நேரே பெட்டியைத் திறந்து அந்த மேசை விரிப்பை எடுத்தேன். பரிசு வாங்கிய நாளிலிருந்து அதை யாரும் ஒரு மேசையிலும் விரித்ததில்லை. கத்தரிக்கோலும் ஊசியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து நூலைப் பிரிக்கத் தொடங்கினேன். நான்கு குலைகள். ஒவ்வொரு திராட்சையாகப் பிரித்தேன், ஓரத் தையலையும் பிரித்தேன். மூன்று மணித்தியாலம் எடுத்தது. சின்ன வயதில் தையல் இறுக்கமில்லை என்று டீச்சர் ஏசுவார், அன்றைக்கு அது நல்லதாகப் போயிற்று. பிரித்து முடித்துப் பார்த்தால் திராட்சை போன இடமெல்லாம் ஊசித் துளை. காபன் கோடு நீலமாக அப்படியே இருந்தது. அப்படியே மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மாம்புரிக்குப் போய்ச் சேர்ந்தபோது இன்னும் குளிப்பாட்டத் தொடங்கவில்லை. அறைக்குள் ஷரீபா பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நான்கு துண்டுகளைக் குளிப்பாட்டுகிற பெண்களிடம் கொடுத்தாள். ஐந்தாவதைத் தாளில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தாள்.

"இது ஒங்கட வீட்டுத் துணி. மாறி வந்திருக்காம். உம்மா எப்பவோ சொல்லி வச்சிட்டா, இத எனக்குப் போட வேணாம், அவங்கட அமானிதம், கவனமாத் திருப்பிக் குடுத்துரு எண்டு."

நான் வாங்கிக்கொண்டேன். கற்பூர மணம் அடித்தது. மடிப்புக் கலையாமல், ஒரு கறை படாமல், எங்கள் துணியை அவர் இருபது வருடத்துக்கு மேல் பத்திரமாக வைத்திருந்தார்.

"அப்ப எங்கட துண்டு ஒங்கட வீட்டுல எங்கயாச்சும் கெடக்குமா?" என்று கேட்டாள் ஷரீபா. "தலைக்குக் கட்ட ஒண்டு கொறயுது."

கள்ளமில்லாமல்தான் கேட்டாள். பை என் மடியில் இருந்தது. ஸிப்பை இழுத்தால் போதும். ஆனால் அந்தத் துளைகளையும் கோட்டையும் பார்த்தால் அவளுக்கு விளங்கிவிடும். அந்த விரிப்புக்குப் பக்கத்தில்தானே அவளுடையதும் இருந்தது. அறையில் ஐந்தாறு பெண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இல்ல. நான் கண்டதில்ல" என்றேன்.

பக்கத்து வீட்டிலிருந்து யாரோ ஒரு துண்டு கொண்டுவந்தார்கள். அதைத்தான் மாமியின் தலைக்குக் கட்டினார்கள். திரும்பும்போது என் பையில் இரண்டு துண்டுகளும் இருந்தன. இன்றைக்கும் இரண்டும் என் பெட்டிக்குள்தான் கிடக்கின்றன.

இந்த மாதிரிக் கதைகளை, எல்லாம் போய்விட்டது என்று பெருமூச்சு விட்டு முடிப்பதுதான் வழக்கம். போனதும் உண்மைதான். கிடுகுக் கொட்டில்கள் இருந்த தோட்டத்தில் இப்போது மதில் கட்டியிருக்கிறார்கள். மாச் சாக்குகள் பிளாஸ்டிக்காகிவிட்டன. கை மெசினை என் உடன்பிறந்த நானா பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். உம்மா இல்லை, வாப்பா இல்லை, மாமி இல்லை. மாப்புக் கேட்க ஆள் இல்லை என்று நானும் இதை இங்கே முடித்துவிடலாம்.

ஆனால் ஷரீபா இருக்கிறாள். குடும்பத்தோடு மன்னாருக்கே திரும்பிப் போய்விட்டாள். பெருநாளைக்குப் பெருநாள் போன் எடுத்து என்னையும் பிள்ளையையும் சுகம் விசாரிக்கிறாள். ஒரு தரம் வந்து போகச் சொல்கிறாள். காலையில் பஸ் ஏறினால் பகல் சாப்பாட்டுக்கு அங்கே போய்விடலாம். நான் இன்னும் போகவில்லை.